முன்னுரையில் ஒரு வாக்கியம்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களிடம் நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார்கள். மறதி இருக்கிறதா, கவனம் சிதறுகிறதா, வேண்டிய சொல் வாயில் வர மறுக்கிறதா என்பது போன்ற கேள்விகள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள்தான். கேள்விகளுக்கு முன்னால் இருந்த அறிமுகம் மட்டும் இரண்டு வகை. ஒன்றில், கீமோதெரபி எடுத்துக்கொண்டவர்களுக்கு நினைவிலும் கவனத்திலும் சிக்கல் வரக்கூடும் என்ற செய்தி இருந்தது. மற்றதில் அது இல்லை. யார் கைக்கு எது போக வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்திருந்தார்கள்.

அந்தச் செய்தி விடைகளில் தடம் பதித்திருந்தது. கீமோ பெற்றவர்களில் அதைப் படித்தவர்கள் கூடுதலான தொல்லைகளைக் குறித்திருந்தார்கள். கீமோவால் மறதி வரும் என்று முன்பே அறிந்திருந்தவர்களிடமும் குறைகள் மிகுந்திருந்தன. சன்னே ஸ்காகன், எனி டாஸ், ஃபிரிட்ஸ் வான் டாம் ஆகிய மூவரும் இதை 2009-இல் வெளியிட்டார்கள்.

இதற்கு எளிதான விளக்கம் ஒன்று உண்டு. ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டால் அது நமக்கும் இருக்கிறதோ என்று தேடிப் பார்ப்பது மனித இயல்பு. வினாத்தாளில் இரண்டு கட்டங்களைக் கூடுதலாக நிரப்பியிருப்பார்கள், அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். ஸ்காகனும் டாஸும் அங்கே நிற்கவில்லை. 2012-இல் வந்த அடுத்த ஆய்வில் கேள்விகளோடு ஒரு நினைவுச் சோதனையையும் சேர்த்தார்கள். கீமோ சிந்தனையைப் பாதிக்கும் என்ற தகவலைப் படித்த நோயாளிகள் கூடுதலாகக் குறை சொன்னதோடு, சொற்களை நினைவில் வைக்கும் சோதனையிலும் பின்தங்கினார்கள். குறையைச் சொல்வது வேறு, சொல்லையே மறப்பது வேறு. ஒரு பத்தித் தகவல் இரண்டாவதையும் அசைத்தது என்பதுதான் இந்த ஆய்வின் கனம்.

அப்படி ஒரு சோதனை எப்படி நடக்கும் என்பதைப் பார்த்தால் இது விளங்கும். அதன் பழைய, பரவலான வடிவத்தில், சோதிப்பவர் நொடிக்கு ஒன்றாகப் பதினைந்து சொற்களை வாசிப்பார். குடை, மிளகு, தச்சன், ஏணி, ஆறு என்று ஒன்றோடொன்று உறவில்லாத சாதாரணச் சொற்கள். வாசித்து முடித்ததும் நினைவில் நின்றதையெல்லாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே பட்டியலை மறுபடி வாசிப்பார். மறுபடி சொல்ல வேண்டும். இப்படி ஐந்து முறை. இடையில் வேறு வேலை கொடுத்து, சுமார் அரை மணி கழித்து, வாசிக்காமலே கேட்பார். மிளகு வருகிறது, ஏணி வருகிறது, தச்சன் வரவில்லை. அந்த இடத்தில் ஒருவர் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எல்லாம். ‘சரி, ஒன்று விட்டுப்போச்சு’ என்று அடுத்த சொல்லுக்குப் போகிறவர் ஆற்றைப் பிடித்துவிடுவார். ‘சொன்னார்களே, இதுதானா அது’ என்று ஒரு கணம் திடுக்கிட்டவருக்கு ஆறும் போய்விடும். நினைவு வேலை செய்ய வேண்டிய அந்தச் சில நொடிகளை அச்சம் எடுத்துக்கொள்கிறது.

இதைச் சமூக உளவியலாளர்கள் வேறொரு களத்தில் முன்பே கண்டிருந்தார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் 1995-இல் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் செய்த ஆய்வில், ‘இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு’ என்று சொல்லிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் குறைந்தது. அதே தேர்வை அப்படிச் சொல்லாமல் கொடுத்தபோது அந்தச் சரிவு இல்லை. தன் இனத்தைப் பற்றிய இழிவான கணிப்பு தன்னால் மெய்யாகிவிடுமோ என்ற கவலையே மூளையின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. 2002-இல் ஜூலி சூர், ஜான் கன்ஸ்டாட் இருவரும் இதைத் தலைக்காயத்துக்குக் கொண்டுபோனார்கள். முன்பு எப்போதோ தலையில் லேசாக அடிபட்ட மாணவர்களில் சிலரிடம், அந்தக் காயத்தின் காரணமாகவே உங்களை அழைத்தோம், அடிபட்டவர்களுக்குச் சிந்தனைக் குறைகள் தென்படுவதுண்டு என்று சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிடக் குறைவாகச் செய்தார்கள். காயத்தின் வரலாறு இரு சாராருக்கும் ஒரே மாதிரியானதுதான்.

ஸ்காகன் குழுவின் அடுத்த ஆய்வு இந்தத் தொடர்பை இன்னும் இறுக்கியது. ஜேகப்ஸ் என்பவர் முதன்மை ஆசிரியராக இருந்து 2017-இல் வெளிவந்த கட்டுரையில், தகவலால் எல்லோரும் ஒரே அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை என்று தெரிந்தது. ‘புற்றுநோயாளி என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்’ என்ற உணர்வு கூடுதலாக உள்ளவர்களைத்தான் அது அதிகம் தொட்டது. நோய் வந்ததிலிருந்து பிறர் பார்வையில் தான் குறைந்துவிட்டதாக நினைக்கும் ஒருவருக்கு, மூளையும் மங்கும் என்ற செய்தி வெறும் மருத்துவச் செய்தியாகப் போய்ச் சேர்வதில்லை.

இனி எதிர்ப்பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆய்வுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மறதி என்று வரும் பெண்ணிடம் ‘எல்லாம் உங்கள் மனசுதான்’ என்று சொல்லி அனுப்பும் மருத்துவர் அவற்றைத் தவறாகப் படித்திருக்கிறார். நோயாளிகள் பல ஆண்டுகள் அந்த வார்த்தையைக் கேட்டுக் கசந்திருக்கிறார்கள். இந்த மறதியைக் குறிக்கும் ‘கீமோ பிரெய்ன்’ என்ற சொல் நோயாளிகளின் பேச்சில்தான் வேரூன்றியது; மருத்துவம் பின்னால்தான் வந்தது.

காலக்கணக்கைப் பார்த்தாலே போதும். கீமோ பெற்றவர்களுக்குச் சிந்தனைக் குறை தென்படுவதை அமெரிக்க மனநல மருத்துவர் பீட்டர் சில்பர்ஃபார்ப் 1980-இலேயே எழுதிவிட்டார். அப்போது நோயாளிகளுக்கு எதிர்பார்க்கச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நெதர்லாந்திலேயே வான் டாம் தலைமையில் 1998-இல் வந்த ஆய்வு, சிகிச்சை முடிந்து சில காலம் கழித்துப் பெண்களைச் சோதித்தது. உயர் அளவு கீமோ பெற்றவர்களில் 32 விழுக்காட்டினரிடம் குறைபாடு இருந்தது. வழக்கமான அளவு பெற்றவர்களில் 17 விழுக்காடு. கீமோ பெறாத நோயாளிகளில் 9 விழுக்காடு. மருந்தின் அளவு ஏற ஏறக் குறையும் ஏறுகிறது என்றால், அந்தக் கணக்கில் மருந்துக்குப் பங்கு இருக்கத்தான் வேண்டும். 2012-இல் ராட்டர்டாமிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 1976-க்கும் 1995-க்கும் இடையில் கீமோ பெற்ற 196 பெண்களை, சராசரியாக 21 ஆண்டுகள் கழித்து, புற்றுநோயே வராத 1,509 பெண்களோடு ஒப்பிட்டார்கள். சொல் நினைவிலும் வேகத்திலும் முதல் சாரார் சற்றே பின்தங்கியிருந்தார்கள். அவர்கள் ஊசி ஏற்றிக்கொண்ட நாட்களில் இந்தப் பேச்சே பரவியிருக்கவில்லை.

எலிகளுக்கு எதிர்பார்ப்பு கிடையாது. ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜேயின் ஆய்வகம் மெதோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்லியா மருந்து நின்ற பிறகும் கிளர்ந்தபடியே இருந்தன. அதன் விளைவாக, நரம்பிழைகளுக்கு மையலின் உறை போடும் செல்களின் முன்னோடிகள் குறைந்தன. எலிகள் நினைவுச் சோதனையில் தடுமாறின. அந்தக் காவல் செல்களை வேறொரு மருந்தால் நீக்கியபோது நிலைமை சீர்ப்பட்டது. எனவே கீமோ மூளையைத் தொடுகிறதா என்ற கேள்வி இன்று திறந்த கேள்வி இல்லை.

ஆனால் கதை இங்கேயும் நேர்க்கோட்டில் போகவில்லை. டெக்ஸாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ஜெஃப்ரி வெஃபல் 2004-இல் கண்டது பலரைத் திகைக்க வைத்தது. மார்பகப் புற்றுநோய் உறுதியான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு, கீமோ தொடங்கும் முன்பே சிந்தனைச் சோதனைகளில் குறை இருந்தது. நோயே உடலில் கிளப்பும் அழற்சி, தூக்கமற்ற இரவுகள், அறுவைச் சிகிச்சை, மயக்க மருந்து, ‘எனக்கு என்ன ஆகுமோ’ என்ற பதைபதைப்பு என்று காரணங்கள் பல இருக்கலாம். பின்னால் கீமோ வரும்போது அதோடு ரத்தசோகை, அசதி, முன்கூட்டியே வரும் மாதவிடாய் நிறுத்தம், ஹார்மோன் மாத்திரைகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் நடந்து முடிந்த பிறகு ஒரு பெண் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினால், எது அந்தச் சாவியை மறைத்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

பிரிக்க முடியாத அந்த இடத்தில்தான் எதிர்பார்ப்பு வந்து உட்கார்கிறது.

அமெரிக்காவின் பல ஊர்களில் நடந்து 2017-இல் மிஷெல் ஜனெல்சின்ஸ் வெளியிட்ட ஆய்வில், கீமோ பெற்ற 581 பெண்களையும் புற்றுநோயற்ற 364 பெண்களையும் பின்தொடர்ந்தார்கள். கீமோவுக்கு முன்பிருந்து அது முடிந்து ஆறு மாதம் வரையிலான காலத்தில் தம் சிந்தனை மங்கியதாகச் சொன்னவர்கள் நோயாளிகளில் 36.5 விழுக்காடு, மற்றவர்களில் 13.6 விழுக்காடு. பெரிய வேறுபாடு. சிகிச்சைக்கு முன்பே பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களிடம் அது இன்னும் கூடுதல். கவனிக்க வேண்டியது, இவை அவரவர் வாயால் சொன்னவை. இப்படிச் சொல்வதும் மேசையில் வைத்து அளப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று 24 ஆய்வுகளை அலசிய 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, எட்டில் மட்டுமே குறிப்பிடத்தக்க தொடர்பைக் கண்டது. சொன்னவை சோர்வோடும் கவலையோடும் ஒத்துப்போன அளவுக்குச் சோதனை மதிப்பெண்ணோடு ஒத்துப்போகவில்லை.

இதில் சோதனைகளின் குறையும் உண்டு. பக்கவாதம், மூளைக் காயம் போன்ற பெரிய சேதங்களைப் பிடிப்பதற்கு வளர்ந்த கருவிகள் அவை. அமைதியான அறையில் ஒரே வேலையைக் கொடுத்து அளப்பார்கள். அடுப்பில் பால், கையில் தொலைபேசி, வாசலில் ஆள், மனதில் நாளைய ஸ்கேன் என்று நிற்கிற ஒருத்தியின் காலைப்பொழுதை அந்த அறை காட்டாது. அமெரிக்காவில் டார்ட்மவுத்தில் ஒரு இரட்டையர் ஆய்வு நடந்தது. உருவொத்த சகோதரிகள், அறுபது வயது, ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ பெற்றவர், மற்றவர் நோயற்றவர். சோதனை மதிப்பெண்களில் இருவருக்கும் சிறிய வேறுபாடுதான். ஆனால் கீமோ பெற்ற சகோதரி கூடுதலான சிந்தனைத் தொல்லைகளைச் சொன்னார். மூளையைப் படம் பிடித்தபோது, அதே நினைவு வேலையைச் செய்ய அவருடைய மூளை அகலமான பரப்பைப் பயன்படுத்துவது தெரிந்தது. அதே சுமையை இன்னும் நாலு பேரைச் சேர்த்துத் தூக்குவது போல. விடை சரியாகத்தான் வந்தது, வந்த வழி பாரமானது. அந்தப் பாரத்தை அவர் உணர்ந்திருந்தார் என்றால் மதிப்பெண்தான் அவரைத் தவறவிட்டிருக்கிறது.

ஆகவே, மறதி என்று சொல்பவரின் சொல்லில் உண்மையான பாரமும் இருக்கலாம், எதிர்பார்ப்பு ஊதிப் பெருக்கியதும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். ஊதிப் பெருக்குவது எப்படி?

நலமாக இருப்பவர்களும் நாள்தோறும் மறக்கிறார்கள். அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வராது. அவற்றை யாரும் எண்ணுவதில்லை என்பதால் நினைவிலும் நிற்பதில்லை. லேசான தலைக்காயம் பட்டவர்களை 1992-இல் ஆராய்ந்த வைலி மிட்டன்பெர்க் குழு இரண்டைக் கண்டது. தலையில் அடிபடாத பொதுமக்களிடம் ‘அடிபட்டால் என்னென்ன வரும் என்று நினைக்கிறீர்கள்’ என்று கேட்டுத் தொகுத்த பட்டியல், அடிபட்டவர்கள் உண்மையில் சொன்ன அறிகுறிகளின் பட்டியலை அப்படியே ஒத்திருந்தது. இன்னொன்று, அடிபட்டவர்கள் காயத்துக்கு முன்பு தமக்கு இருந்த மறதியையும் தலைவலியையும் குறைத்தே மதிப்பிட்டார்கள். முன்பெல்லாம் எனக்கு எல்லாம் நினைவிருக்கும் என்ற நம்பிக்கையே நேற்றைய மறதியை அழித்துவிடுகிறது. பிறகு இன்றைய மறதி ஒவ்வொன்றும் காயத்தின் கணக்கில் ஏறுகிறது.

கீமோவுக்கும் இதே கணக்கு பொருந்தும். சிந்தனைத் தொல்லையை அளக்கும் வினாத்தாள்கள் பொதுவாகக் கடந்த ஏழு நாட்களை நினைத்துப் பார்க்கச் சொல்லும்; வாரத்துக்கு ஒரு முறையா, நாளுக்குப் பல முறையா என்று கேட்கும். மறதி வரும் என்று காத்திருந்தவர் ஏழு நாட்களாக எண்ணிக்கொண்டே இருந்திருப்பார். காத்திராதவர் எண்ணவில்லை. பொய் சொல்பவர் இருவரில் யாரும் இல்லை.

நல்ல மருந்துப்போலி நலம் தருவது போல, கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பும் கெடுதல் தரும். இதற்கு நோசிபோ என்ற பெயர் 1961-இலிருந்து உண்டு. இத்தாலியில் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை எடுத்தவர்களில், பாலுறவுச் சிக்கல் வரக்கூடும் என்று சொல்லப்பட்டவர்களில் 43.6 விழுக்காட்டினர் அதைச் சொன்னார்கள், சொல்லப்படாதவர்களில் 15.3 விழுக்காடு. மாத்திரை ஒன்றே. புற்றுநோய்க்கு நெருக்கமான சான்று ஜெர்மனியிலிருந்து வருகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய 111 பெண்களை இவோன் நெஸ்டோரியூக் குழு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தது. தொடக்கத்திலேயே பக்கவிளைவுகளை அதிகம் எதிர்பார்த்தவர்களுக்கு, இரண்டு ஆண்டு முடிவில் அவை இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காக இருந்தது. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதும் அவர்களிடம் குறைவு. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. ஹார்மோன் மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். எதிர்பார்ப்பு உயிர் வரைக்கும் நீள்கிறது.

அப்படியானால் சொல்லாமல் விட்டுவிடலாமா? இந்தக் கேள்வியை ஸ்காகன் குழுவும் எதிர்கொண்டது. சொல்லாமல் விடுவது நோயாளியின் உரிமையைப் பறிப்பது. அது வேலையும் செய்யாது. மருத்துவர் வாய்மூடினாலும் கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சொல்லிவிடுவார், கைபேசி சொல்லிவிடும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் மோசமாகப் போனவர்களின் கதை. முன்தகவல் இல்லாமல் தடுமாறுகிறவருக்கு அல்சைமர் வந்துவிட்டதோ, புற்றுநோய் மூளைக்குப் பரவிவிட்டதோ என்ற திகில் வேறு. அந்தத் திகிலை ஒரு சொல்லால் தடுத்திருக்கலாம்.

ஆக, சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. கனடாவில் நடந்து 1996-இல் வெளிவந்த ஆய்வில், ஃப்ளூ தடுப்பூசி போட வந்தவர்களில் சிலரிடம் எத்தனை பேருக்குப் பக்கவிளைவு வரும் என்றும், சிலரிடம் எத்தனை பேருக்கு வராது என்றும் சொன்னார்கள். எண் ஒன்றுதான். ‘வராது’ என்று கேட்டவர்களுக்குப் பின்னால் தொல்லைகள் குறைவாக இருந்தன. கீமோவுக்கு இதைப் பெயர்த்தால், மூன்றில் ஒருவருக்கு மந்தம் என்பதை மூன்றில் இருவர் அப்படி உணர்வதில்லை என்று சொல்லத் தொடங்கலாம். பலருக்கு அது லேசானது, காலப்போக்கில் தேறுவது, தூக்கமும் ரத்தசோகையும் சரியானால் ஓரளவு தெளியக்கூடியது என்று சேர்க்கலாம். இவை எதுவும் பொய்யில்லை. நோயாளிக்குக் கையெழுத்துப் போடக் கொடுக்கும் சம்மதப் படிவங்களில் இந்தப் பாதி எழுதப்படுவது அரிது.

ஜேகப்ஸ், ஸ்காகன், டாஸ் ஆகியோர் இன்னொரு வழியையும் 2019-இல் சோதித்தார்கள். இந்த முறை வயிறு, குடல் சார்ந்த புற்றுநோயாளிகள். தன் வாழ்வில் தனக்கு முக்கியமானது எது என்று நிதானித்து எண்ணச் செய்யும் சிறு பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒருவருக்குப் பிள்ளைகள், ஒருவருக்குத் தோட்டம், ஒருவருக்குத் தொழுகை. அப்படித் தன்னைத் திரட்டிக்கொண்டவர்களை, கீமோவும் சிந்தனையும் பற்றிய தகவல் அவ்வளவாகக் கீழே தள்ளவில்லை. தகவல் சுடுவது, நான் குறைந்துவிட்டேன் என்ற உணர்வின் வழியாகத்தான் என்றால், மருந்தும் அந்த வழியிலேயே போய்ச் சேர்கிறது. சிறிய வேலைதான். எந்த மருத்துவமனையாலும் முடியும்.

ஏற்கனவே மறதியோடு இருப்பவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபெர்குசனும் டிம் ஆலஸும் ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்திருக்கிறார்கள். இரட்டையர் ஆய்வைச் செய்தவர்களும் அவர்கள்தான். மதிப்பெண்ணுக்கும் மனிதருக்கும் இடையிலான இடைவெளியை நேரில் பார்த்தவர்கள். எட்டு அமர்வுகள், காணொலி வழியாக. முதலில் மறதி பற்றிய பாடம்: நலமானவர்களும் எவ்வளவு மறக்கிறார்கள், கீமோவைத் தவிர வேறு எவையெல்லாம் மறதியைத் தரும் என்பது. பிறகு, மறதி நேரும்போது குறித்துவைப்பது. காலை பத்தரை மணி, வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள், இரவில் நான்கு மணி நேரம்தான் தூக்கம், கடவுச்சொல் மறந்துபோனது என்று ஒரு பெண் எழுதுவார். முன்பும் அந்தப் பெண் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். இப்போது எண்ணிக்கையோடு காரணமும் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வாரம் எழுதினால் எந்த நேரத்தில், எந்தச் சூழலில் நினைவு வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடங்களுக்கு மட்டும் வேலைமுறையை மாற்றுவார்கள்: செய்ய வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது, அட்டவணை போடுவது, இடையில் மூச்சை நிதானிப்பது.

47 பெண்களிடம் நடந்து 2016-இல் வெளிவந்த சோதனையில், ஆறுதலான உரையாடல் மட்டும் பெற்றவர்களைவிட இந்தப் பயிற்சி பெற்றவர்கள் குறைவான நினைவுத் தொல்லைகளைச் சொன்னார்கள். அவர்களுடைய சிந்தனை வேகமும் சோதனையில் கூடியிருந்தது.